டர்போ போன வண்டியில் அக்காவைப் பார்க்கப் போனது

"அம்மாவுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்குதுங்க சித்தி, உடனே கெளம்பி வந்துருங்க" என்று அக்கா மகன் லூர்து சேலத்திலிருந்து போனில் சொன்னபோதே, அக்கா போய்விட்டாள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். தூரத்தில் இருப்பவர்களுக்குச் சாவை நேராகச் சொல்லும் வழக்கம் நம்மில் யாருக்கும் கிடையாது. சீரியஸ் என்போம். ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போனால் நல்லது என்போம். வந்து இறங்கினால் வாசலில் பந்தல் போட்டிருக்கும். என் கணவருக்குக் காலில் சின்னக் காயம் என்றுதான் என்னிடமும் சொல்லிக் கூட்டிப்போனார்கள். போர்க்காலம் முழுக்க மன்னாரில் இருந்தவள் நான். இந்த மாதிரிச் செய்திகளின் உள்ளர்த்தத்தைப் பிடிப்பதில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்ற திமிர் எனக்கு உண்டு.

அழுது முடித்துவிட்டுப் பெட்டியில் வெள்ளைச் சேலை ஒன்றை எடுத்து வைத்தேன். எங்கள் ஊரில் சாவு வீட்டுக்கு வெள்ளைதான்.

ரெஜினா அக்கா சண்டைக்காலத்தில் படகேறி இந்தியாவுக்குப் போனவள். அகதி முகாமில் இருந்தபோது, சேலத்தில் லாரிக்கு பாடி கட்டும் ஒருவரை மாதா கோயிலில் பார்த்துப் பழகிக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். அதற்குப் பிறகு நாங்கள் நேரில் பார்த்தது இரண்டே முறை. அத்தானும் போய்ச் சில வருஷமாகிறது. லூர்து ஒரே பிள்ளை.

திருச்சி விமான நிலையத்துக்கு வெளியே அவன்தான் நின்றான். சவரம் செய்யாத முகம், சிவந்த கண்கள். என் பெட்டியை வாங்கிக்கொண்டு, "சாப்ட்டீங்களா சித்தி?" என்று கேட்டான். அம்மா எப்படி இருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பிள்ளை பொய் சொல்ல வேண்டியிருக்கும். அவனாகவே, "அம்மா உங்களத்தானுங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றான். "ஓம் ராசா" என்று சொல்லிவிட்டு அவன் தோளைத் தட்டிக்கொடுத்தேன். நன்றாகத்தான் சமாளிக்கிறான் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

அவனுடைய காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய டீசல் கார். தரையோடு தரையாகத் தாழ்த்தி, புகைக்குழாயைப் பெரிதாக்கி, உட்கார்ந்தால் தொட்டிலுக்குள் விழுந்தது போன்ற சீட் இரண்டைப் போட்டு வைத்திருந்தான். லூர்து திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில், போர்வெல் போடும் கம்ப்ரசரைப் பார்த்துக்கொள்கிறவன். வருஷத்தில் பாதி நாள் வடக்கே எங்கோ ஊர் ஊராகப் பூமியைத் துளைத்துக்கொண்டு இருப்பான். மீதி நாள் இந்த வண்டியைத் துளைத்துக்கொண்டிருப்பான் என்று அக்கா போனில் குறைப்பட்டுக்கொள்வாள். கம்பெனி கொடுத்த டர்போவைக் கழற்றிப் போட்டுவிட்டு அதைவிடப் பெரியதாக ஒன்றைப் பொருத்தியிருக்கிறானாம். டர்போ என்றால் என்ன என்று கேட்டேன். புகை போகிற வேகத்தில் ஒரு விசிறி சுற்றும், அது எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும், காற்று சேரச் சேர வண்டி பறக்கும் என்று விளக்கினான். அதைச் சொல்லும்போது மட்டும் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

காவிரி ஓரமாகவே சாலை போனது. வாழைத்தோட்டம், வெற்றிலைக்கொடி, மறுபடி வாழை. கழுதையும் உப்புக்காற்றும் உள்ள ஊரிலிருந்து வந்தவளுக்கு இத்தனை பச்சையைப் பார்க்கக் கோபம்தான் வந்தது. அக்கா இந்தத் தண்ணீரை விட்டுவிட்டு மன்னாருக்கு ஏன் வருவாள்? முசிறி தாண்டியதும் லூர்து, "வீடியோ கால் போடட்டுங்களா சித்தி? ஷீலா அம்மாகிட்டத்தான் இருக்கா. முகத்துல ஆக்சிஜன் மாஸ்க் இருக்குது, அம்மாவால பேச முடியாது. நீங்க சும்மா பாக்கலாம்" என்றான். ஷீலா அவன் மனைவி.  மெழுகுவர்த்திக்கு நடுவில் பெட்டிக்குள் கிடக்கும் முகத்தைக் கைபேசியில் பார்க்க நான் தயாராக இல்லை. "வேண்டாம் ராசா, நேரில பாப்பம்" என்றேன்.

அவன் போனைக் கீழே வைத்துவிட்டான்.

கொஞ்ச தூரத்தில் வண்டிக்குள் ஒரு விசில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. முதலில் கெட்டிலில் தண்ணீர் கொதிப்பது மாதிரி. பிறகு ஆம்புலன்ஸ் மாதிரி. லூர்து கண்ணாடியில் பின்னால் பார்த்தான். நானும் திரும்பிப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் சாலையே தெரியவில்லை, நீலப் புகை. "என்ன சத்தம் அது?" என்றேன். "டர்போவுங்க. ஒரு மாசமாவே லேசாக் கத்திக்கிட்டு இருந்துச்சு. அம்மா ஆஸ்பத்திரில கெடக்கறதால பாக்க முடியல" என்றான். அதன் பிறகு எவ்வளவு மிதித்தாலும் வண்டி ஓடவில்லை. பறக்கும் என்று பெருமைப்பட்ட வண்டியை, வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று ஹாரன் அடித்து முந்திக்கொண்டு போனது.

நாமக்கல்லில் லாரிப் பட்டறைகள் வரிசையாக இருக்கும் சாலைக்கு வண்டியைத் தள்ளாத குறையாகக் கொண்டுபோய்ச் சேர்த்தான். ஊர் முழுக்க லாரி. டயர் இல்லாத லாரி, தலை இல்லாத லாரி, அடியில் நான்கு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும் லாரி. நடுவில் எங்கள் கார் புகைவிட்டுக்கொண்டு போய் நின்றதும், டீ குடித்துக்கொண்டிருந்த வடநாட்டு டிரைவர்கள் இரண்டு பேர் இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று லூர்துவிடம் கேட்டேன். "குட்டிக்கு அப்பன் லாரிதான் போலன்னு சொல்றானுங்க" என்றான். அவன் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

பட்டறைக்காரர் குழாய் ஒன்றைக் கழற்றி உள்ளே விரல் விட்டு எடுத்தார். விரலிலிருந்து கருப்பாக எண்ணெய் சொட்டியது. "பேரிங் போயிருச்சு தம்பி. தண்டு கடகடன்னு ஆடுது. எஞ்சின் ஆயில உள்ள இழுக்குது."

"இங்க டர்போவுக்குள்ள போடற கோர் கெடைக்குமுங்களா?"

"லாரிக்குன்னா இப்பவே எடுத்துத் தருவேன். கம்பெனி டர்போன்னாலும் சரி. நீ என்னத்தையோ புடுங்கிட்டு என்னத்தையோ மாட்டி வெச்சிருக்கற. மாட்டுனவங்கிட்டயே போ. யாரு மாட்டுனது?"

"மல்லசமுத்திரத்துல சண்முகண்ணனுங்க."

"அப்ப அங்க போ. மிதிக்காம போகோணும். மிதிச்சீன்னா டீசலே இல்லாம ஆயிலக் குடிச்சே எஞ்சின் ஓட ஆரம்பிச்சிரும். அப்பறம் சாவியக் கழட்டினாலும் நிக்காது."

சாவியைக் கழற்றினாலும் நிற்காத எஞ்சினை நான் கேள்விப்பட்டதில்லை. எங்கள் ஊரில் எல்லாம் தானாகவே நின்றுவிடும்.

பக்கத்தில் ஒரு மெஸ். "மொதல்ல நல்லாச் சாப்புடுங்க சித்தி, அப்பறம் எப்பச் சாப்புடறமோ" என்று லூர்து சொன்னான். அதுவும் எனக்குப் புரிந்தது. சாவு வீட்டுக்குப் போய்விட்டால் அடக்கம் முடியும்வரை பச்சைத் தண்ணீர்தான். வாழையிலையில் சோறு வந்தது. பூ மாதிரி வெள்ளை அரிசி. சிவப்பரிசிக்குப் பழகிய எனக்கு அது சாப்பிட்டது மாதிரியே இராது. ஆனால் நாட்டுக்கோழிக் குழம்பு அபாரம். மிளகும் சின்ன வெங்காயமும் அரைத்து ஊற்றி, நல்லெண்ணெய் மிதக்க, நாக்கைச் சுட்டது. முட்டைக்குப் பேர் போன ஊர் என்பதால் கேட்காமலே கரண்டி ஆம்லெட் ஒன்றையும் வைத்தார்கள். நான் இரண்டாவது முறை குழம்பு கேட்டு வாங்கினேன். லூர்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாய்க்குப் போகவில்லை.

வெளியே வந்ததும் அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "சித்தி, பஸ்ஸ்டாண்டு பக்கத்துலதானுங்க இருக்குது. உங்களச் சேலம் பஸ்ஸுல ஏத்தி உட்டர்றேன். ஒரு மணி நேரந்தான். ஷீலா வந்து கூட்டிக்குவா. நா வண்டிய சண்முகண்ணங்கிட்ட உட்டுப்போட்டு பின்னாலயே வாரேன். ரோட்டுல உட்டுட்டு வர மனசு வல்லீங்க."

நான் அவனைப் பார்த்தேன். தாயைப் பறிகொடுத்த பிள்ளை, அந்த நாளில், ஊர் பேர் தெரியாத சாலையில் கெட்டுப்போன வண்டியோடு தனியாக நிற்பதா? நான் முதலில் போய் என்ன செய்யப் போகிறேன்? பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரப் போகிறேன், அவ்வளவுதானே. உண்மையைச் சொன்னால், அந்தப் பந்தலைப் பார்க்க எனக்கும் அவசரம் இல்லை. "வேண்டாம் ராசா. உன்னைத் தனிய விட்டுட்டு நான் போகமாட்டன். வடிவாப் பாத்துச் செய்வி. ஒரு அவசரமுமில்லை" என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். பிறகு, "டாக்டரும் ரெண்டு மூணு நாள் தாங்கும்னுதான் சொல்லியிருக்காருங்க" என்றான், தனக்கே சொல்லிக்கொள்வது போல. டாக்டரையும் பொய்க்குத் துணைக்கு இழுக்கிறான், பாவம் என்று நினைத்தேன்.

மல்லசமுத்திரம் போகும் சாலை எனக்கு மன்னாரை ஞாபகப்படுத்தியது. காய்ந்த நிலம், பனை, வெயில். நடுநடுவே யாரோ கொண்டுவந்து போட்டுவிட்டு மறந்துபோனது மாதிரிச் சின்னச் சின்னப் பாறைக் கரடுகள். நீள நீளமாகக் கோழிப் பண்ணைகள், மூக்கைப் பொத்தினாலும் போகாத அதன் வாடை. மரவள்ளிக் காடுகள். நாங்கள் ஊர்ந்தோம். ஒரு மொபெட் எங்களை முந்திப் போனது. அதில் தலைகீழாகத் தொங்கிய கோழிகள் என்னைப் பார்த்துக்கொண்டே போயின.

சண்முகத்தின் பட்டறை என்பது அவர் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகை. மரவள்ளி போட்டது போக மீதி நேரத்தில் டர்போ பார்க்கிறார். அவர் மனைவி மோர் கொண்டுவந்து, "உக்காருங்க சாமி, வெயில்ல வந்துருக்கறீங்க. அக்காவப் பாக்கவா வந்தீங்க? நல்லாயிருவாங்க, கவலப்படாதீங்க" என்றாள். லூர்து இவளிடமும் சொல்லி வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். ஊரே சேர்ந்து என் ஒருத்திக்காக நாடகம் நடத்துவது மனசை உருக்கியது. அந்த மோரை இரண்டு டம்ளர் குடித்தேன்.

லூர்துவுக்கு அடிக்கடி போன் வந்தது. வரப்புவரை நடந்துபோய்ப் பேசிவிட்டு வந்தான். பெட்டிக்குச் சொல்லியாகிவிட்டதா, கல்லறைத் தோட்டத்தில் அத்தானுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறதா, இதெல்லாம்தான் பேச்சாக இருக்கும் என்று கொட்டகை நிழலில் இருந்தே கணக்குப் போட்டேன். ஒரு முறை திரும்பி வந்து என் எதிரே நின்றான். "அம்மா வாசலயே பாத்துக்கிட்டு இருக்காங்களாமுங்க" என்றான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேலையை முடி ராசா" என்றேன்.

சண்முகம் அதே அளவு கோர் கிடைக்காமல், இருப்பதில் ஒன்றைச் சீவிப் பொருத்தினார். பொழுது சாயத் தொடங்கியிருந்தது. "ஒருக்கா ஸ்டார்ட் பண்ணு" என்றார்.

ஸ்டார்ட் ஆனது. சாதாரணமாக ஓடிய எஞ்சின், யாரும் மிதிக்காமலே சத்தம் கூடிக்கொண்டு போனது. கூடிக்கூடி அலறியது. கொட்டகை முழுக்கப் புகை. லூர்து சாவியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான், எஞ்சின் ஓடுகிறது. "இன்டர்கூலர்ல ஆயிலு தேங்கியிருக்குதுடா! அத வடிக்காம உட்டுட்டோம்டா!" என்று சண்முகம் கத்தினார். காற்றைக் குளிர வைக்கும் அந்தப் பெட்டியையும் லூர்து பெரிதாக மாற்றி வைத்திருந்தான். அதற்குள் ஒரு சொம்பு எண்ணெய் சேர்ந்திருந்ததாம். அதைக் குடித்துக்கொண்டுதான் எஞ்சின் ஓடியது. சண்முகத்தின் மனைவி ஓடிவந்து ஒரு சில்வர் தட்டை நீட்ட, அவர் அதைக் காற்று இழுக்கும் குழாயின் வாயில் அறைந்து பிடித்தார். தட்டு வளைந்து ஒட்டிக்கொண்டது. உள்ளே ஏதோ உடைந்து தடதடவென்று அடித்தது. பிறகு நின்றது.

மோர்க்குடத்தைச் சுற்றிய ஈக்களின் சத்தம் கேட்டது.

லூர்து பானெட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "அவ்வளவுதானுங்க" என்றான். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, என் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தான். மூன்று வருஷத்துச் சம்பளத்தில் கட்டிய வண்டி என்று அக்கா சொல்லியிருக்கிறாள். அதே நாளில் அம்மாவும் இல்லை, வண்டியும் இல்லை. பிள்ளை எப்படித் தாங்கப் போகிறான் என்று நினைத்து எனக்கு அழுகை வந்தது.

டவுன் பஸ் எல்லா ஊரிலும் நின்றது. ஆட்டையாம்பட்டி வந்ததும் தறிச்சத்தம் பஸ்ஸுக்குள்ளேயே கேட்டது. அங்கே கொஞ்சம் கூடுதலாக நின்றார்கள். லூர்து சட்டென்று இறங்கி ஓடினான். கையில் ஒரு முறுக்குப் பொட்டலத்தோடு திரும்பி வந்தான். இந்த ஊர்க் கை முறுக்கு அக்காவுக்கு உயிர். ஒருமுறை மன்னாருக்கு வரும்போது டின் நிறையக் கொண்டுவந்து, வழியெல்லாம் தானே தின்று தீர்த்துவிட்டதாகச் சொல்லிச் சிரித்தாள். ஆனால் சாவு வீட்டுக்கு யாராவது முறுக்கு வாங்கிப் போவார்களா? பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்தேன்.

"ஆருக்கு ராசா இது?"

"அம்மாவுக்குத்தானுங்க. நேத்து மாஸ்க்கக் கொஞ்சம் நகத்திட்டு, ஒரு துண்டு பால்ல ஊற வெச்சுக் குடுத்தோம். நாக்குல வெச்சுக்கிட்டே இருந்தாங்க. இன்னிக்குக் காலைல நா கெளம்பறப்பக்கூட, முறுக்கு வாங்கிட்டு வாடான்னு கையக் காட்டுனாங்க."

பொய் சொல்கிறவன் பால்வரை போக மாட்டான். அக்கா உயிரோடு இருந்தாள். நான் விமானத்தில் இருந்தபோது இருந்தாள், இலையில் குழம்பு வாங்கியபோது இருந்தாள், மோர் குடித்தபோது வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். "டிரைவர் தம்பி, கெதியா எடுங்கோ! கெதியா எடுங்கோ!" என்று கத்தினேன். பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் வந்து, "உக்காருங்கம்மா, ஆளு ஏறோணுமில்லைங்க" என்றார். லூர்து பயந்துபோய் என் கையைப் பிடித்து இழுத்தான். வண்டி கிளம்பியது. வழிநெடுகக் கையை ஆட்டியவர்களுக்கெல்லாம் நின்றது. ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஓடலாமா என்று இருந்தது.

சேலத்தில் ஆட்டோ வீட்டுக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போனது. மாடிப்படியில் லூர்து எனக்கு முன்னால் ஓடினான். வார்டு வாசலில் ஷீலா நின்றாள். எங்களைப் பார்த்ததும் சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "இப்பத்தானுங்க... போனு போட்டுக்கிட்டே இருந்தேன், எடுக்கலீங்களே" என்றாள். பஸ் சத்தத்தில் போன் அடித்தது எங்களுக்குக் கேட்டிருக்கவில்லை.

அக்காவின் முகத்தில் மாஸ்க்கின் தடம் அப்படியே இருந்தது. கையைத் தொட்டேன். எத்தனையோ பேரைக் குளிப்பாட்டிப் பெட்டியில் வைத்தவள் நான், சாவின் குளிர் எனக்குத் தெரியும். அக்காவின் கை சூடாக இருந்தது.

மறுநாள் அடக்கம். வெள்ளைச் சேலையை உடுத்திக்கொண்டேன். நான் அதைப் பயணப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது பார்த்த ஷீலா, "எல்லாம் தெரிஞ்சு கொண்டாந்த மாதிரி இருக்குதுங்களே" என்றாள்.  பூசை முடிந்து, அத்தானுக்குப் பக்கத்தில் மண் போட்டுவிட்டு வந்தோம். வந்தவர்களெல்லாம் லூர்துவைப் பிடித்துக்கொண்டார்கள். "இருந்த வண்டிய நோண்டாம உட்டிருந்தா, பெத்தவ கடைசியாத் தங்கச்சி மொகத்தப் பாத்திருப்பாளே" என்று ஒரு பெரியவர் அவன் காதுபடவே சொன்னார். அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாருக்கும் காப்பி கொடுத்தான்.

மூன்றாம் நாள் நான் ஊர் திரும்ப வேண்டும். காலையில் லூர்து என் எதிரே தரையில் வந்து உட்கார்ந்தான். "அந்த டர்போ மட்டும் போகாம இருந்திருந்தா சித்தி..." என்று தொடங்கி, முடிக்க முடியாமல் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். நான் பேசாமல் ஊர் போய்ச் சேர்ந்திருக்கலாம். டர்போவுக்கு வாய் இல்லை, பழியைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் அவன் தாங்க மாட்டான் என்று தெரிந்தது.

சொன்னேன். சீரியஸ் என்ற சொல்லைக் கேட்டதுமே நான் முடிவு கட்டியதை. வீடியோ கால் வேண்டாம் என்றது ஏன் என்பதை. அவன் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன் என்றபோது போகாதது ஏன் என்பதை. அவன் சொன்ன ஒவ்வொரு உண்மையையும் பொய் என்று எடுத்துக்கொண்டதை. "டர்போவில பிழை இல்லை ராசா. நாமக்கல்லிலயே நான் பஸ் ஏறியிருந்தா அவளைப் பாத்திருப்பன்."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

"அப்ப அந்த மெஸ்ஸுல," என்றான் மெதுவாக, "அம்மா செத்துட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டேதான் சாப்ட்டீங்களா?"

நான் தலையாட்டினேன்.

"ரெண்டாந்தடவ கொழம்பு கேட்டு வாங்குனீங்களே சித்தி."

"ஓம் ராசா" என்றேன். "பசிச்சது."